எத்தனை? எவ்வளவு இடத்தில்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர் இருந்தார்கள். அப்போது பிரிக்கப்படாமல் இருந்த வேலூர் மாவட்டத்தில் 39 லட்சம் பேர். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள மாவட்டங்கள் என்றே தோன்றும். ஆனால் அன்றைய சென்னை மாவட்டத்தின் பரப்பு சுமார் 175 சதுர கிலோமீட்டர். வேலூர் மாவட்டமோ அரக்கோணத்திலிருந்து திருப்பத்தூர் வரை சுமார் 6,000 சதுர கிலோமீட்டர் நீண்டு கிடந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சென்னையில் 26,553 பேர். வேலூரில் 650-க்குச் சற்றுக் குறைவு. நாற்பது மடங்கு வித்தியாசம்.

தலைகளின் மொத்தம் இனக்கூட்டத்தின் அளவு. அதை இடத்தால் வகுத்துக் கிடைப்பது அடர்த்தி. மேல்நிலைப் பள்ளி உயிரியலில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்துபோகும் இந்த வேறுபாட்டை ஒரு முழுச் சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பாலாற்றங்கரையில் தோல் கெடுவதும் கெடாமல் நிற்பதும், கழிவுநீர் தெளிவதும் தெளியாததும், குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வருவதும், குடியாத்தம் பக்கத்து நிலங்களுக்குள் யானை இறங்குவதும் இந்த இரண்டு எண்களில் ஏதோ ஒன்றைப் பொறுத்தே நடக்கின்றன. எது எதைப் பொறுத்தது என்று தெரியாமல் திட்டம் போட்டால் பணமும் போகும், காலமும் போகும். அதைவிட முக்கியமாக, அடர்த்தி என்று ஓர் எண்ணைச் சொல்லும்போது அதை எதால் வகுத்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாலான பிழைகள் அந்த வகுக்கும் எண்ணில்தான் நுழைகின்றன.

வேலூரின் 650 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்குள் ஜவ்வாது மலைக் காடுகள் உண்டு, ஏலகிரியின் சரிவுகள் உண்டு, மழை பெய்த சில நாட்கள் தவிர ஆண்டு முழுதும் மணலாகக் கிடக்கும் பாலாறும் உண்டு. மலைக்கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே சாமைக் கொல்லை இருக்கும். ஆம்பூரின் பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எதிரே ஒரு வண்டி வந்தால் இன்னொரு வண்டி ஒதுங்க இடமிருக்காது. 2011-இல் ஆம்பூர் நகராட்சியில் 1,14,608 பேர், வாணியம்பாடியில் 95 ஆயிரம் பேர். 650 என்ற அந்தச் சராசரி நெருக்கத்தில் மலையிலும் யாரும் வாழவில்லை, ஊரிலும் யாரும் வாழவில்லை. சூழலியலாளர்கள் இதற்காகவே இரண்டு அடர்த்திகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மொத்தப் பரப்பால் வகுத்தது ஒன்று. ஓர் உயிர் உண்மையில் தங்கி, தின்று, பெருகும் பரப்பால் மட்டும் வகுத்தது மற்றொன்று. நோயையும் பசியையும் சண்டையையும் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இனி இந்த வட்டாரத்தின் தோல் தொழிலுக்கு வரலாம்.

ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, உரித்த சில மணி நேரத்தில் கெடத் தொடங்கிவிடும். சூடு, ஈரம், புரதம் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் பாக்டீரியாவுக்கு அதைவிட வசதியான இடம் அமையாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும் பாக்டீரியா ஒன்று, தடையேதும் இல்லாவிட்டால் எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல் பெருகிவிடும். இருபத்துநான்கு முறை இரட்டித்தால் வரும் கணக்கு இது. ஆனால் இப்படியே எந்த உயிரும் பெருகிக்கொண்டு போவதில்லை. நெருக்கம் கூடக் கூட உணவு குறையும், கழிவு சேரும், பெருக்கம் தளரும். பெல்ஜியக் கணித அறிஞர் பியர் பிரான்சுவா வெர்ஹூல்ஸ்ட் 1838-இல் இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார். முதலில் மெல்ல ஏறி, நடுவில் செங்குத்தாக எழும்பி, மேலே போய்ப் படுத்துவிடும் அந்த வளைகோடு இன்றைக்கும் உயிரியல் புத்தகங்களில் இருக்கிறது.

தோல் மண்டியில் தரம் பிரிக்கும் அனுபவசாலி இந்தச் சமன்பாட்டைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவர் உப்புத்தோலை விரித்ததும் நடுமுதுகைப் பார்க்க மாட்டார். மடிப்பு விழுந்த இடத்தையும், கழுத்தோரத்தையும், அடுக்கின் நடுவில் சூடேறிக் கிடந்த தோல்களையும்தான் பார்ப்பார். அங்கே இரண்டு விரலால் மயிரைக் கிள்ளி இழுப்பார். மயிர் சுலபமாகக் கையோடு வந்துவிட்டால் அந்த இடத்தில் பாக்டீரியா வேரடி வரை போய்விட்டது என்று பொருள். பிறகு முகர்ந்து பார்ப்பார். முழுத்தோலில் மொத்தம் எத்தனை கோடிப் பாக்டீரியா இருக்கின்றன என்பது அவருக்குத் தேவையில்லாத கேள்வி. ஓர் எருமைத்தோலில் மொத்த எண்ணிக்கை அதிகமாக இருந்தும் தோல் நன்றாக இருக்கலாம். சின்ன ஆட்டுத்தோலில் மொத்தம் குறைவாக இருந்தும், உப்பு எட்டாத ஒரு கையகல மடிப்பில் நெருக்கம் எல்லை மீறினால் விலை பாதியாகிவிடும்.

அந்த நெருக்கத்தைத் தடுக்கத்தான் உப்பு. தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைகூட உப்பைக் கொட்டித் தேய்க்கிறார்கள். உப்பு தோலின் நீரை இழுத்துவிடுவதால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாமல் நின்றுபோகின்றன. உப்பையே விரும்பும் சில நுண்ணுயிர்கள் மட்டும் பிழைத்து, நாள்பட்ட உப்புத்தோலில் செம்மை படரச் செய்கின்றன. தோல் பதனிடும் டேனரிக்கு வந்த தோலின் முதல் வேலை ஊறல். அந்த ஊறல் தண்ணீரோடு உப்பின் பெரும்பகுதி வெளியே வருகிறது. பாலாற்றின் துயரத்தில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

டேனரிகளின் கழிவுநீர் இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. ஆம்பூரில் துத்திப்பேட்டையிலும், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளிலும் இவை இயங்குகின்றன. அங்கே உண்மையான வேலையைச் செய்வது காற்றூட்டத் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள். தொட்டியைக் கவனிக்கும் பணியாளர் ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் அந்தக் கலங்கல் நீரை மொண்டு, ஆடாமல் அசையாமல் அரை மணி நேரம் வைக்கிறார். பழுப்புத் திரள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கீழே இறங்குகின்றன. அரை மணி முடிந்ததும் வண்டல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறார். பிறகு ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உயிர்ப்பொருள் இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லும். எம்.எல்.எஸ்.எஸ். என்று அங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். அது அடர்த்தி. தொட்டியின் கொள்ளளவால் அதைப் பெருக்கினால் மொத்த உயிர்ப்பொருள் கிடைக்கும். அந்த மொத்தத்துக்கு அன்றைக்கு வந்து சேர்ந்த கழிவுணவு எவ்வளவு என்று மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. சாப்பாடு அதிகமாகி வாய்கள் குறைந்தால் நீர் தெளியாது. வாய்கள் அதிகமாகிச் சாப்பாடு குறைந்தால் திரள் சிதறி மேலே மிதக்கும். எண்ணிக்கை, அடர்த்தி, தலைக்கு எவ்வளவு என்ற மூன்றும் ஒரே தொட்டியில் மூன்று வேறு கேள்விகளாக நிற்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். உயிரியல் மாணவர்களை அங்கே அழைத்துப்போவதுபோல் ஒரு பாடம் வேறில்லை.

காற்றூட்டத் தொட்டியில் கழிவுநீரைத் தெளியவைக்கும் இந்த முறை 1914-இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரால் உருவானது. அதுவரை சாக்கடை நீருக்குள் காற்றை ஊதிப் பார்த்தவர்கள், நீர் தெளிந்ததும் அடியில் தங்கிய வண்டலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். இவர்கள் இருவரும் வண்டலை வைத்துக்கொண்டு அடுத்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறைக்கு எடுத்து வைப்பதுபோல. வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. கழிவு மாறவில்லை, தொட்டி மாறவில்லை. நுண்ணுயிர்களின் நெருக்கம் மட்டும் மாறியது.

அடர்த்தியின் பெருமையை இவ்வளவு சொன்ன பிறகு அதன் ஆபத்தையும் சொல்லியே ஆக வேண்டும். நுண்ணுயிர்கள் உப்பைத் தின்பதில்லை. அதனால் வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. இது ஒரு செறிவுக் கணக்கு. லிட்டருக்கு எவ்வளவு என்பது மட்டுமே. வரம்புக்கு உட்பட்ட நீரே பத்து லட்சம் லிட்டர் போனால் அதோடு 2,100 கிலோ உப்பு போகிறது. நல்ல தண்ணீரை ஊற்றிக் கலந்தால் செறிவு இறங்கிவிடும், ஆனால் மொத்த உப்பு ஒரு கிலோகூடக் குறையாது. பாலாறு ஆண்டு முழுதும் ஓடிக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆறாக இருந்திருந்தால் ஒருவேளை செறிவு மட்டும் போதுமானதாக இருந்திருக்கும். மணலுக்குள் தண்ணீரைத் தேக்கி வைத்துக் கிணறுகளுக்குக் கொடுக்கும் ஆறு அது. அங்கே இறங்கிய உப்பு அங்கேயே தங்கும். நெல் விளைந்த நிலங்கள் தரிசானதும், குடிநீர்க் கிணறுகள் கைவிடப்பட்டதும் மொத்தத்தின் விளைவு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பு இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இடைவெளி வேதனை தருகிறது.

எந்தக் கேள்வி எங்கே பொருந்தும் என்பதை மனிதன் இவ்வளவு சிரமப்பட்டுக் கற்க வேண்டியிருக்க, பாக்டீரியா அதை எப்போதோ கற்றுவைத்திருக்கிறது. விப்ரியோ ஃபிஷெரி என்பது கடலில் வாழும் ஒரு பாக்டீரியா. ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த சிறிய கணவாய் ஒன்றின் உடலுக்குள் தனியாக ஓர் உறுப்பில் இது கோடிக்கணக்கில் நெருங்கி வாழ்ந்து ஒளி வீசும். திறந்த கடல்நீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்போது ஒளி வீசுவதில்லை. 1970-இல் கென்னத் நீல்சனும் உட்லண்ட் ஹேஸ்டிங்ஸும் தங்கள் குழுவோடு இதன் காரணத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு வேதிப்பொருளைச் சிறிது சிறிதாக வெளியே கசியவிடுகிறது. அது சுற்றிலும் ஓர் அளவுக்கு மேல் தேங்கினால்தான் ஒளிக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. கடல் முழுவதும் சேர்த்தால் இவற்றின் எண்ணிக்கை கணவாய்க்குள் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனாலும் அங்கே இருட்டு. ஒவ்வொரு விடியலிலும் கணவாய் தன் உறுப்பிலிருந்து பெரும்பகுதிப் பாக்டீரியாவைக் கடலில் வெளியேற்றிவிடுகிறது. வெளியே வந்தவை ஒளியிழக்கின்றன, உள்ளே எஞ்சியவை பகல் முழுதும் பெருகி இரவில் மறுபடி ஒளிர்கின்றன. இதே போன்ற வேதிப்பொருள் வழிப் பேச்சால்தான் பல நோய்க்கிருமிகள், போதுமான கூட்டம் சேரும் வரை நச்சை வெளியிடாமல் காத்திருக்கின்றன. நுண்ணுயிரியலில் கடந்த அரை நூற்றாண்டின் அழகான கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

வெட்டுக்கிளியும் இப்படித்தான். பாலைவன வெட்டுக்கிளி தனியாக இருக்கும்போது கூச்சமுள்ள பூச்சி, இரவில் நடமாடும். நெருக்கத்தில் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில் அதன் நடத்தை மாறிக் கூட்டமாகத் திரளும். ஒரு சதுர கிலோமீட்டர் படையில் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கலாம் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கு. 2020 மே மாதம் வட இந்தியாவில் அந்தப் படை இறங்கியிருந்த நேரத்தில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்த வெட்டுக்கிளிகளைப் பார்த்து மக்கள் பதறினார்கள். வந்து பார்த்தவர்கள் அது வேறு இனம் என்று சொல்லி அமைதிப்படுத்தினார்கள். எருக்கையே தின்று வாழும் உள்ளூர் வெட்டுக்கிளி அது. ஒரு செடியில் நெருங்கி இருந்ததே தவிர, நாட்டைக் கடக்கும் கூட்டமாக அது திரள்வதில்லை. செடிக்கு எத்தனை என்பதும் வட்டாரத்தில் எத்தனை என்பதும் அன்று பலருக்கு ஒன்றாகவே தெரிந்தன.

வேலூருக்கு மருத்துவ வரலாற்றில் தனி இடம் உண்டு. இந்தியாவில் மனிதர்களிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955-இல், இங்கேதான். அடுத்த பத்தாண்டுகளில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை மையமாக வைத்து டி. இ. கேரி, ரூத் மயர்ஸ், ரேச்சல் ரூபன் போன்றோர் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் செய்த ஆய்வுகள் இந்த நோயின் வழியை விளக்கின. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் வைரஸை எடுத்துவந்து மனிதரைக் கடிக்கின்றன. மனித உடலில் வைரஸ் கொசுவுக்குத் திரும்பிப் போகும் அளவுக்குப் பெருகுவதில்லை. மாட்டின் உடலிலும் அப்படியே.

இந்த மாடுதான் கணக்கைச் சுவையாக்குகிறது. இந்தக் கொசுக்களுக்கு மனித ரத்தத்தைவிட மாட்டு ரத்தமே பிடிக்கும். கொசு ஆய்வாளர்கள் அந்திநேரத்தில் டார்ச் லைட்டும் வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழலுமாக மாட்டுக்கொட்டகைக்குள் போவார்கள். மாட்டின் வயிற்றடியிலும், கொட்டகைக் கூரையின் உட்புறத்திலும், பக்கத்துச் செடிகளிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடித்துக் குடுவைக்குள் விடுவார்கள். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடித்தார் என்பதுதான் அவர்களின் அடர்த்தி அளவு. ஊரில் மொத்தம் எத்தனை கொசு என்று யாராலும் எண்ண முடியாது, எண்ணத் தேவையுமில்லை. அதே அளவு கொசுக்கள் உள்ள இரண்டு கிராமங்களில் ஒன்றில் மாடுகள் நிறைய, மற்றொன்றில் குறைவு என்றால் குழந்தைக்கு விழும் கடிகள் ஒன்றாக இருக்காது. சதுர கிலோமீட்டருக்கு எத்தனை கொசு என்பதைவிடக் குழந்தைக்கு எத்தனை கடி என்பதே நோய்க்கான அடர்த்தி. நோய்த்தொற்று பெறுவோரில் சுமார் 250 பேரில் ஒருவருக்கே கடுமையான நோயாக வெளிப்படுகிறது. ஆகவே மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை மட்டும் எண்ணியும் ஊரின் நிலையை அறிய முடியாது.

டெங்குவுக்கு வகுக்கும் எண் இன்னும் சிறியது. ஏடிஸ் கொசு பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் பறப்பதில்லை, வீட்டுக்குள்ளேயே வாழும். அதனால் நூறு வீடுகளுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். பிரெட்டோ குறியீடு என்று அதற்குப் பெயர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி பிளாஸ்டிக் டிரம், பழைய டயர், கல்லுரல், ஃப்ரிட்ஜின் பின்தட்டு என்று குனிந்து பார்ப்பது இந்த எண்ணுக்காகத்தான். தண்ணீர் நாள்விட்டு நாள் வரும் தெருவில் டிரம்கள் அதிகம். ஆள் நெருக்கம் ஒன்றாகவே இருந்தாலும் தண்ணீர் ஒழுங்காக வரும் தெருவில் கொசு நெருக்கம் குறையும். குழாயைச் சரிசெய்யாமல் புகை மட்டும் அடிப்பது ஏன் பலனளிப்பதில்லை என்பதற்கு இதுவே பதில்.

எல்லா நோயிலும் நெருக்கமே பேசும் என்று முடிவுகட்டிவிட முடியாது. தட்டம்மையை எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை முன்னால் வந்து நிற்கிறது. ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் எம். எஸ். பார்ட்லெட் 1957-இல் காட்டியது இது: தடுப்பூசி இல்லாத காலத்தில் சுமார் 2.5 லட்சம் முதல் 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில்தான் தட்டம்மை அறுபடாமல் தொடர்ந்து இருந்தது. சிறிய ஊர்களில் அது மளமளவென்று பரவி, எதிர்ப்புசக்தி இல்லாத குழந்தைகள் தீர்ந்ததும் தானாக அணைந்துவிடும். மறுபடி வெளியிலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை நெருக்கம் சொல்கிறது. எவ்வளவு காலம் தங்கும் என்பதை மொத்த எண்ணிக்கை சொல்கிறது.

அப்படியானால் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் கொண்ட ஆம்பூரில் அம்மை தங்கியிருக்காது என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஆம்பூரின் இனக்கூட்டம் நகராட்சி எல்லையோடு முடிவதில்லை. சென்னை–ஜோலார்பேட்டை ரயில் பாதை ஊருக்கு நடுவே ஓடுகிறது. ஷூ கம்பெனிகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் பஸ் பஸ்ஸாகக் காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறார்கள். கணக்கெடுப்பு அவரவரை வீட்டில் வைத்து எண்ணுகிறது. பகல் பதினொரு மணிக்குத் தையல் கூடத்தில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் நெருக்கம் எந்த அரசு அட்டவணையிலும் இல்லை. காற்றால் பரவும் நோய்க்கு அந்த நெருக்கமே முக்கியம். காசநோய்ப் பரிசோதனை முகாமை வீட்டுத்தெருவில் வைப்பதா, கூடத்தின் வாசலில் வைப்பதா என்று யோசிப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

நெருக்கம் கூடினால் மட்டுமே கேடு என்றும் இல்லை. சிகாகோவில் பணியாற்றிய வார்டர் கிளைட் ஆலீ 1930-களில் தங்கமீன்களை வைத்துச் சோதித்தார். வெள்ளி கலந்து நஞ்சான நீரில் தனியாக விட்ட மீனைவிடக் கூட்டமாக விட்ட மீன்கள் அதிக நேரம் பிழைத்தன. நெருக்கம் ஓர் அளவுக்குக் கீழே போனாலும் இனக்கூட்டம் தளரும் என்ற கருத்து அவர் பெயரால் வழங்குகிறது. ஜவ்வாது மலைச் சந்தனத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். திருப்பத்தூர் அரசுச் சந்தனக் கிடங்கு நாடறிந்தது. சந்தனம் பக்கத்து மரங்களின் வேரை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி. பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தம் வந்தால்தான் காய்க்கும். வைரம் பாய்ந்த மரங்களைத் திருடர்கள் தேடித் தேடி வெட்டிவிட்டால், எஞ்சிய கன்றுகளையும் சேர்த்து எண்ணிப் பதிவேட்டில் பெரிய எண்ணைக் காட்டலாம். பூத்துக் காய்க்கும் மரங்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நின்றால் அந்த எண்ணால் காட்டுக்குப் பயனில்லை.

கடைசியாக யானை. 1980-களில் ஒசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் கிழக்கே நகர்ந்து ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குள் போயின. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அங்கே காட்டுயானை இருந்ததில்லை. 1990-இல் அவற்றுக்காகக் கௌண்டின்ய சரணாலயம் அமைந்தது. பரப்பு சுமார் 357 சதுர கிலோமீட்டர். அதன் தெற்கு விளிம்பு குடியாத்தம், பேரணாம்பட்டுக் காடுகளோடு ஒட்டியிருக்கிறது. ஒரு யானைக்கூட்டம் ஆண்டில் சுற்றிவரும் பரப்பே நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். சரணாலயத்தின் மொத்தப் பரப்பால் வகுத்தால் அங்கே யானை அடர்த்தி மிகக் குறைவு. கோடையில் தண்ணீர் நிற்கும் இடங்களால் மட்டும் வகுத்தால் அது மிக அதிகம். காட்டின் ஓரத்தில் நெல்லும் வாழையும் போட்ட விவசாயிக்கு, அறுவடைக்கு முந்தைய இரவில் தன் வயலில் நிற்கும் நான்கு யானைகளே முழு அடர்த்தி. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலைப்பக்கத்தில் 2013 ஆகஸ்டில் ஆறு யானைகளைப் பிடித்து வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். மாநிலத்தின் கணக்கில் ஆறு என்பது ஒன்றுமில்லை. அந்தக் கிராமங்களுக்கு அது தூக்கமில்லாத பல ஆண்டுகள்.

காட்டில் யானையை எப்படி எண்ணுகிறார்கள் என்பதிலேயே இந்தச் சொற்பொழிவின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. எல்லா யானையையும் யாரும் பார்ப்பதில்லை. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றில் நடந்து, கண்ணில் பட்டவற்றை எண்ணி, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று முதலில் அடர்த்தியைக் காண்கிறார்கள். அதை யானை வாழும் மொத்தப் பரப்பால் பெருக்கி எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். அதாவது பத்திரிகையில் நாம் படிக்கும் எண்ணிக்கை, அடர்த்தியிலிருந்து பிறந்தது. பரப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் காட்டில் ஒரு குட்டிகூடப் பிறக்காமலேயே யானைகள் பெருகிவிடும். 2017 கணக்கெடுப்பில் இந்தியாவில் 29,964 யானைகள் என்றார்கள். 2025 அக்டோபரில் சாணத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துச் செய்த கணக்கு வெளியானபோது 22,446 என்று வந்தது. ஏழாயிரம் யானைகள் செத்துவிட்டன என்று அதற்குப் பொருளில்லை. முறை மாறியதால் இரண்டையும் ஒப்பிடக் கூடாது, இனி இதுவே தொடக்கக் கணக்கு என்று அதை வெளியிட்டவர்களே சொன்னார்கள். அந்த எச்சரிக்கை தலைப்புச் செய்தி அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

தென் மாநிலங்களில் இன்னொரு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. யானைக்கு மாநில எல்லை தெரியாது என்பதால் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம் நான்கும் ஒரே நாட்களில் எண்ணுகின்றன. 2024-இல் மே 23 முதல் 25 வரை அப்படி நடந்தது. தமிழ்நாட்டின் கணக்கு 3,063. முதல் நாள் பகுதிகளில் நேரடியாகப் பார்த்து எண்ணினார்கள். இரண்டாம் நாள் நேர்க்கோட்டில் நடந்து சாணக் குவியல்களை எண்ணினார்கள். மூன்றாம் நாள் நீர்நிலைகளில் காத்திருந்து, வந்தவற்றில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்று குறித்தார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் வனச்சரகங்களுக்கு மாநில மொத்தத்தைவிட இந்த மூன்றாம் நாள் குறிப்பே அதிகம் உதவும். அங்கே நடமாடுபவை குட்டிகளோடு தங்கிவிட்ட கூட்டமா, பருவத்துக்கு வந்து போகும் தனி ஆண்களா என்பதை அதைக்கொண்டே சொல்ல முடியும். அகழி வெட்டுவதா, சூரிய மின்வேலி போடுவதா, ஆந்திர வனத்துறையோடு சேர்ந்து வழித்தடத்தைத் திறந்துவிடுவதா என்ற முடிவு அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எடுக்கப்பட வேண்டும்.